ஆறாவது கன்னிகை

மணப்பெண் மாலின் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது சுவரிலிருந்து பத்துப் பெண்கள் அவளை எதிர்கொண்டார்கள். ஐந்து பேர் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். மற்ற ஐந்து பேர் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள்.

சுவரில் இன்னும் சாய வாசனை போகவில்லை. பெண்களின் தலைக்கு மேலே படகுத் துடுப்பு அகலத்துக்கு இலைகள், எந்தத் தோட்டத்திலும் பூக்காத பூக்கள், அவற்றுக்கு நடுவில் அந்த ஆண்டின் எண். வேதத்தில் வருகிற பத்துக் கன்னிகைகள்தான். மணவாளன் வரும் வழியில் விளக்கோடு காத்திருந்தவர்கள். ஐந்து பேர் கையோடு எண்ணெய் கொண்டுவந்தார்கள், ஐந்து பேர் மறந்துபோனார்கள், மறந்தவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. தாலர்னா மாகாணத்தில் பாதி வீடுகளில் இந்தப் பத்துப் பேரும் இருப்பார்கள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

விளக்கை நிமிர்த்திப் பிடித்திருந்த ஐந்து பேரும் அந்த ஊரான ஹெட்பியின் பெண்கள். வெள்ளைக் குல்லாய், கோடு போட்ட முன்துணி, கல்யாணம் ஆகாததற்கு அடையாளமாய்க் கட்டாமல் தொங்கவிட்ட குல்லாய் நாடா. தூங்கியவர்களோ கறுப்புப் பாவாடை கட்டியிருந்தார்கள். அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கரை. விளக்குகள் அந்தக் கரையின் மேலேயே கவிழ்ந்து கிடந்தன.

அது ஓஸ்விக் பாவாடை. ஏரியின் எதிர்க்கரைப் பாவாடை. அந்த நிமிடம் மாலினின் இடுப்பில் இருந்ததும் அதே பாவாடைதான்.

முதலில் பார்த்தது அடுத்த பண்ணை சிக்ரிட். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, சாவகாசமாய்ச் சொன்னாள்.

"வந்து பாருங்கடி. ஆறாவதும் வந்துட்டா."

கல்யாண வீடு குலுங்கியது. பிடில் வாசித்தவன் தாளத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். மாலினும் சிரித்தாள், மணப்பெண் வேறென்ன செய்வாள்? ஆனால் இரண்டாம் நாள் பாலாடைக்கட்டி கடன் வாங்க வந்தவள் "ஆறாவது இருக்காளா?" என்று வாசலில் நின்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஹெட்பியில் ஒருவர் மேல் பெயர் ஒட்டிக்கொண்டால் அது எளிதில் உதிராது. யாரோ ஒருவருடைய தாத்தா ஏரியில் வெண்ணெய்ப் பானையை நழுவவிட்டதற்காக அந்தக் குடும்பத்தில் பிறக்கிற குழந்தை வரைக்கும் இன்னும் வெண்ணெய்ப்பானைதான்.

பாவாடையை மாற்றிவிடலாமே என்றால் அதுவும் முடியாது. கல்யாணத்தன்று மாமியார் கையால் கணவன் ஊர்க் குல்லாயை வைத்து, நாடியில் நாடாவைக் கட்டிவிடுவார்கள். பெட்டியில் கொண்டுவந்த பாவாடைகளை மட்டும் கிழிகிற வரைக்கும் கட்டியாக வேண்டும். அவற்றை ஒதுக்கினால் அவற்றை நெய்துகொடுத்த அம்மாவை ஒதுக்கியதாக ஆகும். மாலினின் அம்மா நெய்தது லேசில் கிழியாது.

இதற்கு மேல் அந்தக் குளிர்காலத்தில் வீட்டு விசாரிப்பு பாக்கப் பண்ணையில் நடக்கவேண்டிய முறை. பாக்கப் பண்ணை என்றால் மாலின் வாழ்க்கைப்பட்ட வீடு. போதகர் சறுக்கு வண்டியில் வருவார். ஊர் மொத்தமும் பெஞ்சுபோட்டு உட்காரும். யாருக்கு வாசிக்க வருகிறது, யாருக்கு ஞானோபதேசம் மனப்பாடம் என்று ஒவ்வொருவராய்க் கேட்பார். எதிரே சுவரில் என்ன படம் இருக்கிறதோ அதிலிருந்துதான் முதல் கேள்வி. அந்த முதல் கேள்வி ஊருக்குப் புதிதாய் வந்தவளுக்கு. அந்தச் சுவருக்குக் கீழே, அந்தப் பாவாடையோடு அவள் எழுந்து நிற்கும்போது சிரிப்பு வெடிக்கும். போதகர் ஏன் என்று கேட்பார், சிக்ரிட் சொல்லுவாள். போதகர் காதில் விழுந்த பெயர் கோவிலுக்குப் போகும். அப்புறம் பிறக்கப் போகிற பிள்ளைக்கும் அதுதான்: ஆறாவதின் மகன்.

மாலினுக்கு அழுகை வந்திருக்கலாம், யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். வந்தது ஒரு கேள்வி. இதை இப்படிப் போடச் சொன்னது யார்?

கணவன் ஓலோஃபிடம் கேட்டாள். தான் அந்தச் சமயம் காட்டில் கரி சுட்டுக்கொண்டிருந்ததாகவும், திரும்பி வந்து பார்த்தபோது பூதான் கண்ணில் பட்டதாகவும் அவன் சொன்னான். பூ நன்றாக இல்லையா என்று அவளையே திருப்பிக் கேட்டான். மாமியார் பார்ப்ரோவிடம் கேட்டாள். பார்ப்ரோ நீண்ட தாடையைத் தூக்கி ஒருமுறை சுவரைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"படம் போட்டது யெர்க். நான் அவனுக்குக் கஞ்சி ஊத்தினேன், அவ்வளவுதான்."

கல்யாணத்துக்கு முந்தைய குளிர்காலம் முழுக்க யெர்க் என்கிற அந்த ஓவியன் அந்த அறையில்தான் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே வரைந்தானாம். அதற்கு மேல் பார்ப்ரோவிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

சரி, மற்ற வீடுகளில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என மாலின் கிளம்பினாள். ஒரு நாள் சல்லடை கேட்டு ஒரு வீடு, இன்னொரு நாள் நொதிமாவு கேட்டு இன்னொரு வீடு. கேட்டதைக் கையில் கொடுத்த பிறகும் போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பெண்ணுக்குக் கழுத்தில் ஏதோ சுளுக்கு, தலையைக் கீழே இறக்க முடியவில்லை போலிருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பார்க்கப் பார்க்க அவளுக்கு ருசி கூடியது. ஒரு வீட்டில் ஏழை லாசருவுக்குச் சோறு போடாத பணக்காரன் தலையில் வரி வசூலிக்க வரும் அதிகாரியின் ஜரிகைத் தொப்பி. இன்னொரு வீட்டில் யோனாவைத் தூக்கிக் கடலில் எறிகிறவர்கள் நகரத்து வியாபாரிகளின் நீளக் கோட்டில் இருந்தார்கள். யோனா மட்டும் ஹெட்பியின் ஆட்டுத்தோல் சட்டையோடு மீனின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தான். வடக்குப் பண்ணையில் கோலியாத்துக்கு ருஷ்யச் சிப்பாயின் தொப்பி. அதே பண்ணையின் பழைய வீட்டில், ஓலோஃபின் அப்பா பிறப்பதற்கு முன்னால் யாரோ வரைந்த மங்கிய சுவரில், அதே கோலியாத் டேனிஷ் சிப்பாயாக இருந்தான். அப்போது சண்டை அவர்களோடு. அவனைக் கவணால் வீழ்த்துகிற தாவீது இரண்டு சுவரிலும் இந்த ஊர்ப் பையன். அவனுக்கு வயதே ஆகவில்லை.

கடைசியாகச் சிக்ரிட் வீட்டுக்குப் போனாள். அங்கே சுவரில் கள்ளர் கையில் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிற வழிப்போக்கன். அவனைக் கண்டும் காணாமல் விலகிப் போகிற ஆசாரியனின் கழுத்தில் வெள்ளைப் பட்டை. அது கூடப் பரவாயில்லை, எந்தப் போதகரும் கட்டுவதுதான். ஆனால் அந்த மூக்கு! ஹெட்பியின் போதகருக்கு வருஷம் பூராவும் ஜலதோஷம். சிவந்து, நுனி வீங்கி, கைக்குட்டைக்காகவே படைத்த மாதிரி ஒரு மூக்கு. அதை அப்படியே எடுத்து ஆசாரியன் முகத்தில் வைத்திருந்தார்கள். சிக்ரிட் வீட்டில் இதுவரைக்கும் வீட்டு விசாரிப்பு ஏன் நடக்கவில்லை, ஒவ்வொரு முறையும் ஏன் அந்த வீட்டுப் புகைபோக்கிக்கு ஏதாவது வந்துவிடுகிறது என்று மாலினுக்கு அப்போது விளங்கியது.

"என்ன அப்படிப் பார்க்கறே?" என்று சிக்ரிட் கேட்டாள்.

"பூ நல்லா இருக்கு அக்கா" என்றாள் மாலின்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஓவியன் யெர்க் மறுபடி ஹெட்பிக்கு வந்தான். வடக்குப் பண்ணையில் ஒரு அலமாரிக் கதவுக்குச் சாயம் பூச அழைத்திருந்தார்கள். மாலின் மெல்லிய ரொட்டியும் பாலாடைக்கட்டியும் துணியில் கட்டிக்கொண்டு போனாள். அவன் எலும்புப் பசையைச் சூடுபண்ணி நீலச் சாயத்தில் கலந்துகொண்டிருந்தான். அவள் பாவாடைக் கரையைப் பார்த்ததுமே வந்த காரியம் அவனுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். ரொட்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

"அண்ணே, எங்க வீட்டுச் சுவர்ல அந்த அஞ்சு பேருக்கும் எங்க ஊர்ப் பாவாடையைப் போடச் சொன்னது யாரு? எங்க அத்தையா?"

"உங்க அத்தை ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. நம்ம ஊர்ப் பொண்ணுங்களை அழகா போடுன்னாங்க. போட்டேன். அப்புறம் அஞ்சு பேர் மிச்சம் இருந்தாங்க. அவங்களும் எதையாவது உடுத்தணுமில்ல?"

"அதுக்கு எங்களுதுதான் கிடைச்சுதா?"

"எதிர்க்கரை துணி. பார்த்ததும் சட்டுனு தெரியும். யார்னு தெரியலைன்னா படத்துல என்ன சிரிப்பு இருக்கு?"

கோபம் வரும் என்று நினைத்துத்தான் அவள் வந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தால் அது வர மறுத்தது. அவன் ரொட்டியைக் கடித்துக்கொண்டே தன் தொழிலைப் பற்றிப் பேசினான். நல்லவர்களை வரைவதில் தனக்குக் கையே ஓடுவதில்லை என்றான். அதற்கு ஒரு அச்சு வைத்திருந்தான். ஒரே முகத்தை வரிசையாய் இறக்கிவிடுவான். அதில் ஒரு புருவத்தை மாற்றினாலும் வீட்டுக்காரர்களுக்கு மனத்தாங்கல் வந்துவிடும்.

"தூங்கறவங்களைத்தான் என் இஷ்டத்துக்கு விடுவாங்க. பாவாடையைப் பார்த்தே திருப்தியாயிடுவாங்க, முகத்தை யாரும் பார்க்க மாட்டாங்க. நீ பார்த்தியா?"

பார்க்கவில்லை என்று மாலின் ஒப்புக்கொண்டாள். அவன் தலையாட்டினான். பிறகு அவளை ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஓஸ்விக்கில் எந்தப் பண்ணை என்று கேட்டான். ஆலைப் பண்ணை என்றாள். அவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான்.

"அப்ப நீ பொறந்ததுல இருந்து என் சுவருக்குக் கீழதான் கஞ்சி குடிச்சிருக்கே. அங்கயும் இதே பத்துப் பேர்தானே?"

ஆமாம், இதே பத்துப் பேர்தான். மாலின் கண்ணை மூடி அந்தச் சுவரை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். பூக்கள் வந்தன. கவிழ்ந்த விளக்கு வந்தது. சிவப்புக் கரைப் பாவாடையோடு விழித்திருந்த ஐந்து பேர் வந்தார்கள். தூங்குகிறவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பது மட்டும் எவ்வளவு முயன்றும் வரவில்லை. அவர்கள் வெறுமனே மற்றவர்கள். அவ்வளவுதான் ஞாபகம்.

"அவங்க என்ன உடுத்தியிருக்காங்க அண்ணே?"

"நான் சொல்லிட்டா உனக்கு என்ன ருசி? ஏரி உறைஞ்சுதானே கிடக்கு. போய்ப் பார்த்துட்டு வா."

அந்த வாரமே ஓலோஃப் அவளைச் சறுக்கு வண்டியில் வைத்துப் பனிக்கட்டியின் மேல் எதிர்க்கரைக்கு ஓட்டிப்போனான். அம்மாவைப் பார்க்க என்று சொல்லியிருந்தாள். அது பொய்யில்லை, ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவைத் தாண்டித்தான் அவள் கண் போனது.

ஐந்து பேர் தூங்கினார்கள். ஐந்து பேர் தலையிலும் வெள்ளைக் குல்லாய். தொங்குகிற நாடா. கோடு போட்ட முன்துணி. அச்சு அசலாய் ஹெட்பிப் பெண்கள், வாயைக்கூட லேசாய்த் திறந்துகொண்டு. அதில் ஒருத்தியின் மூக்கு நுனியில் கறுப்பாய் ஒரு கறை.

அந்தக் கறையைத் துடைக்கவே முடியவில்லை என்று அம்மா காப்பியை ஊற்றிக்கொண்டே சொன்னாள். சின்னப் பிள்ளையாய் இருந்தபோது பெஞ்சு மேல் ஏறி நின்று, அடுப்புக் கரியை எடுத்து, ஹெட்பிக்காரிக்கு மூக்கு என்று பூசியது மாலின்தானாம். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்களாம். மாலினுக்கு அது துளியும் ஞாபகமில்லை.

தங்கை எல்னா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள். நாடியில் இறுக்கிக் கட்டிய வெள்ளைக் குல்லாயைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி குல்லாயைப் பார்த்தாள்.

"அம்மா, அக்காவைப் பாரேன். ஆறாவதும் வந்துட்டா."

அம்மா அவளை அதட்டினாள். ஆனால் அதட்டுவதற்கு முன்னால் அம்மாவின் உதடு ஒரு நொடி துடித்ததை மாலின் பார்த்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். சிக்ரிட்டுடைய சிரிப்புதான் அது, இம்மியும் மாறவில்லை.

திரும்பும் வழியில் ஏரிக்கு நடுவில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இந்தப் பக்கம் திரும்பினால் பாவாடை, அந்தப் பக்கம் திரும்பினால் குல்லாய். ஓலோஃப் என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை, ஓட்டு என்றாள். வீட்டுக்கு வந்ததும் வேதத்தை எடுத்து அந்தப் பகுதியை எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

வீட்டு விசாரிப்பு நாள் வந்தது. பெஞ்சுகள் நிரம்பின. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், சிக்ரிட் முதல் வரிசையில். பார்ப்ரோ காப்பிக் கூஜாவோடு கதவருகில் நின்றாள். போதகர் மூக்கை நன்றாகச் சிந்தி, கைக்குட்டையை மடித்து, சுவரை நிமிர்ந்து பார்த்தார். நல்ல படம் என்றார். பிறகு புதிதாய் வந்தவள் யார் என்று கேட்டார்.

மாலின் கடைசி வரிசையிலிருந்து எழுந்து சுவருக்குக் கீழே வந்து நின்றாள். பெண்கள் பக்கத்தில் எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார்கள். எந்தக் கேள்வியாக இருந்தாலும் சரி, சிரிப்பு தயாராக இருந்தது.

"பத்துப் பேர்ல தூங்கிப்போனது யாரும்மா?"

யாரோ முன்கூட்டியே களுக்கென்றார்கள்.

"பத்துப் பேரும்தான், ஐயா."

போதகரின் கைக்குட்டை பாதி வழியில் நின்றது. "சுவர்ல அஞ்சு பேர்தானே தூங்கறாங்க?"

"சுவர்ல அஞ்சு பேர். வேதத்துல மணவாளன் வரத் தாமதமானதும் எல்லாரும் தூங்கிட்டாங்கன்னு இருக்கு. எழுந்திரிச்ச பிறகுதான் எண்ணெய்ப் பேச்சே."

அது சரிதான் என்று போதகர் ஒப்புக்கொண்டார். இத்தனை வருஷத்தில் இந்தப் பதிலைச் சொன்னவர்கள் குறைவு என்றும் சொன்னார். பிறகு அவருக்கே ஆவல் வந்துவிட்டது போலிருக்கிறது. பெஞ்சில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப சுவர் ஏன் வேற மாதிரி சொல்லுது?"

"இது இந்தக் கரைச் சுவர், ஐயா. இங்க தூங்கறது அந்தக் கரைக்காரங்க. அந்தக் கரைல எங்க அம்மா வீட்டுலயும் இதே பத்துப் பேர் இருக்காங்க. இதே யெர்க் போட்டதுதான்." மாலின் தலைக் குல்லாயைத் தொட்டுக் காட்டினாள். "அங்க தூங்கறவங்க தலைல இது இருக்கு."

கதவருகில் கூஜா மேசையில் இடித்த சத்தம் கேட்டது.

"எது இருக்கு?" என்றாள் பார்ப்ரோ.

"நம்ம குல்லாய்தான், அத்தை."

அதற்குப் பிறகு ஞானோபதேசம் கொஞ்ச நேரம் நின்றுபோனது. பெண்கள் பக்கம் முழுக்க ஒரே நேரத்தில் பேசியது. இரண்டு குளிர்காலம் ஹெட்பியின் கஞ்சியைக் குடித்து, ஹெட்பியின் கட்டிலில் படுத்தவன் எதிர்க்கரையில் ஹெட்பியின் குல்லாயைத் தூங்கவைத்தவனா என்று ஒருத்தி ஆறவில்லை. வாய் திறந்து தூங்குகிறார்களா, மூடித் தூங்குகிறார்களா என்று இன்னொருத்திக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. திறந்துதான் என்று மாலின் உள்ளதைச் சொன்னாள். ஆண்கள் பக்கத்தில் யாரோ, அது என் பெண்டாட்டியைப் பார்த்து வரைந்ததாக இருக்கும் என்றான். போதகர் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் தும்மலாகி, கடைசியில் கைக்குட்டைக்குள் மறைந்துபோனார்.

அதிலிருந்து வெளியே வந்தபோது அவர் கண்ணில் நீர் இருந்தது, அதோடு ஒரு குறும்பும் இருந்தது.

"ஊர்ல எல்லா வீட்டுச் சுவரையும் நீ போய்ப் பார்த்தேன்னு எனக்கும் காதுல விழுந்துச்சு. அப்ப நீயே சொல்லு. இந்த ஊர்ச் சுவர்ல என்னை யாரா வெச்சிருக்காங்க?"

கூஜா அசையவில்லை. ஆண்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். மாலின் முதல் வரிசையைப் பார்த்தாள். சிக்ரிட்டின் முகம் அவள் குல்லாயைவிட வெளுத்திருந்தது. சுவரோடு வாழலாம், ஆனால் போதகருக்குத் தெரிந்த சுவரோடு வாழ முடியாது. அடுத்த வாரம் கோவிலில் அவள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வாள்? அவள் பிள்ளையைச் சபையில் சேர்க்கும் உறுதிப்படுத்தல் சடங்கு வேறு வசந்தத்தில் இதே போதகர் கையால் வருகிறது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் ஆறாவது என்கிற பெயரை இந்த ஊர் இன்றே மறந்துவிடும், சிக்ரிட்டுக்குப் புதிதாய் ஒன்றைக் கண்டுபிடிக்கும்.

மாலின் முன்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"எல்லாச் சுவரையும் பார்த்தேன் ஐயா. ஆனா முகம் சரியாத் தெரியலை. என் விளக்குல எண்ணெய் பத்தலை."

ஹெட்பியில் எண்ணெய் விளக்கு எரிகிற வீடே கிடையாது. எல்லோரும் பைன் மரச் சிம்பைக் கொளுத்தித்தான் வெளிச்சம் பார்ப்பது. இது போதகருக்கும் தெரியும். அவர் மாலினைக் கொஞ்ச நேரம் பார்த்தார், வரிசையாய்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஊரைப் பார்த்தார், தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அடுத்த ஆள் எழுந்திருக்கலாம் என்றார்.

மாலின் திரும்பினாள். கடைசி வரிசையில் தன் இடத்துக்கு நடந்தாள். முதல் வரிசையிலிருந்த சிக்ரிட் தன் பக்கத்திலிருந்தவளை இடுப்பால் தள்ளி நகர்த்தினாள்.

"ஆறாவது, இப்படி வந்து உக்காரு."

அதே பெயர்தான். யாரும் சிரிக்கவில்லை. மாலின் போய் உட்கார்ந்தாள், சிவப்புக் கரை சிக்ரிட்டின் முன்துணி மேல் கொஞ்சம் படர்ந்தது, சிக்ரிட் அதை ஒதுக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பார்ப்ரோ ஒரு சிம்பைக் கொளுத்திக்கொண்டு சுவருக்கு வந்தாள். அந்த யெர்க் மறுபடி இந்தப் படியை மிதிக்கட்டும், கஞ்சியை எங்கே ஊற்றுகிறேன் பார் என்றாள். இதை அழித்து வேறு வரையச் சொல்லவா என்று மருமகளிடம் கேட்டாள். வேண்டாம் அத்தை, இருக்கட்டும், பூ நன்றாக இருக்கிறது என்றாள் மாலின். பார்ப்ரோ முனகிக்கொண்டே வெளிச்சத்தைக் கீழே இறக்கினாள். இத்தனை நாள் பார்த்திராத இடத்துக்கு, தூங்குகிறவர்களின் முகத்துக்கு. ஒன்றைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். மூன்றாவதில் வெளிச்சம் நின்றது.

"ஏண்டி மாலின், இந்தத் தாடையை நான் எங்கயோ பார்த்திருக்கேன்."

ஒரு கையில் சிம்பு எரிய, இன்னொரு கையால் தன் நீண்ட தாடையைத் தடவிக்கொண்டே அவள் யோசித்தாள். மாலின் சுவரைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், சட்டென்று குனிந்து காப்பிக் கோப்பைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.